கரண்டு வந்துருச்சு

நாற்பதைத் தாண்டியவர்களோடுதான் இதைப் பேச முடியும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று ஒரு ஊரே தோட்டத்தில் காத்துக் கிடந்த கதையை என் மகனிடம் சொன்னேன். "ஏன், இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதுதானே?" என்றான். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு அவன் தட்டில் விழுந்த தோசை எல்லாம் கருகல்தான். உங்களுக்கு அப்படி இல்லை. உங்களுக்குக் கேசட்டும் தெரியும், சிக்கிக்கொண்ட நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றவும் தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் நான் சொன்ன ஒரு பொய் இன்னும் தீராமல் கிடக்கிறது. இடது காது மங்கிக்கொண்டு வருகிறது. இரண்டும் அடைபடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ராயப்பன்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். மேட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே வாழை. வாழைக்கும் கீழே பன்னீர் திராட்சைப் பந்தல். கிணறு மட்டும் தள்ளி, ஓடைக் கரையில் இருந்தது. வாழையைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டும். இதுதான் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு அதுதான் உலகம்.

அண்ணனுக்கு உலகம் அந்தத் தகரக் கொட்டகை. திராட்சைப் பெட்டிகள் அடுக்கும் இடம் அது. அங்கேதான் அவருடைய பேண்டு இருந்தது. 'பேண்டு' என்று சொன்னதும் கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற செட்டு என்று ஊர் நினைத்துக்கொண்டது. சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "எங்க பெரியாத்தாளுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, எந்நேரமும் கூப்புடுவோம், ரெடியா இருங்கப்பா" என்று சொல்லிவிட்டே போனார். அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

தேக்கடியில் ஒரு லாட்ஜில் அண்ணன் ஒரு வருடம் அறை பெருக்கினார். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன கேசட்டுகளைப் பொறுக்கி வந்தது அப்போதுதான். எலெக்ட்ரிக் கிடாரும் அப்படி வந்ததுதான். ஊருக்குப் போக வழியில்லாமல் நின்ற ஒருவனுக்குத் தன் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்து வாங்கினார். சிவப்பு நிறம், ஓரத்தில் வண்ணம் பெயர்ந்து உள்ளே மரம் தெரியும். அப்பா அதைக் 'கட்டை' என்பார். "அந்தக் கட்டைய வச்சிட்டு வந்து களை எடுறா" என்பார். கோயில் திருவிழாவில் கழித்துப் போட்ட, கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றை அதற்கு மாட்டியிருந்தார் அண்ணன். அந்தக் கிழிசல் வழியாக வருகிற கரகரப்புக்காகவே அதை ஒட்டவில்லை.

அடுத்தவர் கம்பத்து அண்ணன். அவருடைய வீட்டார் கம்பத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தார்கள். பக்கீர்மார் தட்டிக்கொண்டு பாடும் தாயிராவை அவர் சின்ன வயதிலேயே பழகியிருந்தார். எங்களிடம் வந்து நான்கு தந்தி கிடாரைப் பிடித்தாலும், அவர் விரல் அதிலும் தாயிரா நடையில்தான் போகும். பாடுவது ஜீப் மாமா. விடியற்காலையில் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார். வேலைக்குப் போகிற பெண்கள் தூக்கத்தை விரட்ட வழியெல்லாம் பாடுவார்கள். நடவுப் பாட்டு, ஒப்பாரி, இடையில் ஏறிக்கொள்ளும் மலையாளப் பாட்டு எல்லாம் அவர் தொண்டையில் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மாதா கோயில் பாட்டின் இழுவையை அண்ணன் அதோடு சேர்ப்பார். பிறகு கிழிந்த ஸ்பீக்கர் அலறும். சினிமாப் பாட்டு ஒன்றுகூட வாசிக்க மாட்டார்கள். அதனால் யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

டிரம் நான். மருந்தடிக்க மயில்துத்தம் கரைக்கிற நீலப் பீப்பாயைக் கவிழ்த்துப் பெரிய டிரம்மாக்கியிருந்தோம். சட்டிக் கலப்பையிலிருந்து கழன்ற தட்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். அதை ஓங்கி அடித்தால் பல் கூசும். மயில்துத்தக் கறை என் விரலிலும் காலிலும் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கை நீட்டச் சொல்லி அதற்காகவும் அடி வாங்கினேன். எனக்கு முன்னால் ஒரு பையன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஒருநாள் சும்மா அடித்துப் பார்த்தேன், அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"எந்தா மருமகளே, பொம்பளப் புள்ள அடிச்சா கேசட்டுல ஏறாதாம்ல" என்று ஜீப் மாமா கேலி செய்வார். கேலி என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கொட்டகைக்கு வீட்டு லைன் கிடையாது. மோட்டார் லைனில்தான் இழுத்திருந்தோம். ஆகவே மும்முனை மின்சாரம் வந்தால்தான் பாட்டு. ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் இரவில். பகல் வாரத்தில் பன்னிரண்டு மணிவாக்கில் எங்கோ ஒரு தோட்டத்தில் ஒருவர், "கரண்டு வந்துருச்சோய்!" என்று கத்துவார். அடுத்த தோட்டத்துக்காரர் அதை வாங்கி அதற்கு அடுத்தவருக்குக் கத்துவார். ஒவ்வொரு கிணறாக மோட்டார் உறுமும். எங்கள் தொட்டியில் தண்ணீர் தொபதொபவென்று விழும். அந்த நிமிடம் எங்கள் ஸ்பீக்கரும் கரகரவென்று உயிர் பெறும். நீலப் பீப்பாயின் மேல் அண்ணன் சுண்ணாம்பால் 'கரண்டு வந்துருச்சு' என்று எழுதினார். பேண்டுக்கு அதுதான் பெயர்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின இரண்டு திராட்சை வெட்டும் எங்களுக்குப் பொய்த்துவிட்டன. ஒன்றில் சாம்பல் நோய், இன்னொன்றில் ஆலங்கட்டி மழை. அப்பா அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார், நானும் அங்கேதான் இருந்தேன். "இந்த வெட்டு நல்லா வந்துச்சுன்னா பந்தலுக்குப் புதுக் கல்லு ஊண்டுவோம், நீயும் ஒங்கூட்டாளிகளும் என்னமோ பண்ணிக்கங்க. வரலன்னா கொடியப் பிடுங்கிருவேன். நீ தேவதானப்பட்டிக்கு, ஒஞ்சித்தப்பன் கடையில மோட்டார் வைண்டிங் பழகப் போயிரணும்." அண்ணன் தலையாட்டினார். அதே வாரம் அல்லிநகரத்தில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, "நானே மைக்கு கொண்டாந்து பதியுறேன். நல்லா வந்தா காப்பி போட்டு என் கடையிலயே வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஆக, திராட்சையும் கேசட்டும் ஒரே வாரத்தில் வந்து நின்றன.

மே மாதக் கடைசி. திராட்சை கறுத்துப் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வெட்ட இன்னும் பத்து நாள். உங்களில் கம்பம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பழுத்த திராட்சைக்குத் தண்ணீர் ஆகாது. காய்ந்து கிடந்த கொடி திடீரென்று தண்ணீரைக் குடித்தால் பழம் உப்பித் தோல் வெடித்துவிடும். அதனால் அப்பா தினமும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு சாரல் வந்துவிடக் கூடாதே என்று அந்தோணியாரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வானத்திலிருந்துதான் வரும் என்று நினைத்தார்.

பதிவு நாளன்று அப்பா வெட்டுக்கு ஆள் சொல்ல உத்தமபாளையம் போனார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணனிடம் சொன்னது இன்றும் கேட்கிறது. "கரண்டு வந்ததும் வாழைக்கு ஒரு மணி நேரம் விடு. வாழ நெறஞ்சதும் மோட்டார நிப்பாட்டிரு. மறந்தயின்னா நெறஞ்ச தண்ணி கீழ எறங்கிரும். திராச்சைக்கு ஒரு சொட்டுப் போயிரக் கூடாது, பாத்துக்க."

கேசட் கடைக்காரர் வந்தார். அறுபது நிமிடக் கேசட் ஒன்று, இரண்டு மைக்கு, ஒரு பெரிய டேப் ரெக்கார்டர். சாயங்காலம் அவருக்கு ஒரு கல்யாணத்தில் ஸ்பீக்கர் கட்டுகிற வேலை இருந்ததால் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. மைக்கை இழுத்துக் கட்டி, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, முதல் பாட்டைப் பதிந்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, ஓடிப் போயி மோட்டார நிப்பாட்டிட்டு வந்துரு. ரெண்டாவது பாட்டு ஒனக்காக நிக்கும்."

ஓடினேன். வாழைக்குள் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. நடுவழியில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. யாரோ என் நீலப் பீப்பாயை அடித்தார்கள். இரண்டாவது பாட்டின் தாளம். ஜீப் மாமா சும்மா தட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என்னை அனுப்பிவிட்டு நான் இல்லாமலே பதிகிறார்கள். பொம்பளப் புள்ள அடிச்சா கேசட்டுல ஏறாது. கிணற்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அடுத்த பாட்டு முடிந்ததும் ஓடிவந்து நிறுத்திவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். திரும்பி ஓடினேன்.

உள்ளே போய்க் குச்சிகளைக் கையில் எடுத்தேன். கேசட் கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். அதே நேரம் அண்ணன் கேட்டார்.

"நிப்பாட்டிட்டயா?"

"நிப்பாட்டிட்டேண்ணே."

இந்த ஒற்றை வார்த்தைதான் நான் சொன்னது. அதற்குப் பிறகு வாசித்தது போல வாழ்க்கையில் வேறு எப்போதும் வாசித்ததில்லை. பாட்டுக்குப் பாட்டு நிற்காமல் போனது. அடுத்த பாட்டு முடிந்ததும் போகலாம் என்று ஒவ்வொரு பாட்டிலும் நினைத்தேன். பிறகு நினைக்கவும் மறந்துவிட்டேன். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஸ்பீக்கர் அலறி அலறி எங்கள் எல்லார் காதும் இரைந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

முடிந்ததும் கேசட் கடைக்காரர் கேசட்டை வெளியே எடுத்து, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் சாவியால் நெம்பி உடைத்தார். அது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். "இனி எவனும் இது மேல பதிய முடியாது. நீ ரெண்டு நாள் வச்சுக் கேளுப்பா, அப்பறம் கொண்டா, காப்பி போடுவோம்" என்று அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். ஜீப் மாமா என் தலையில் தட்டி, "ஏறிருச்சு மருமகளே, ஏறிருச்சு" என்றார்.

நான்கு மணிக்குக் கரண்டு போனது. ஸ்பீக்கர் செத்த பிறகுதான் தொட்டியில் விழுந்த கடைசித் தண்ணீர் காதில் விழுந்தது. அண்ணன் முகம் மாறியது. வாழைக்குள் விழுந்தடித்து ஓடினார். நான் பின்னால் போனேன். பந்தலுக்கு அடியில் முழங்கால் உயரம் தண்ணீர் நின்றது. மேலே தொங்கிய கொத்துகள் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள்ளும் தொங்கின. பார்க்க அழகாக இருந்தது.

"நீ நிப்பாட்டலயா?"

"நிப்பாட்டினேண்ணே. ஆட்டோ மறுபடி எடுத்துருக்கும்."

ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் ஒன்று உண்டு. மூன்று முனையில் ஏதாவது ஒன்று விட்டு வந்தாலும் மோட்டாரைத் தானாக ஓடவிடும், கொட்டகையில் அது தெரியாது. முதல் பொய்க்கு முட்டுக் கொடுக்க இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். அண்ணன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டோவ அமத்தச் சொல்லாம விட்டேனே... சின்னப்புள்ள ஒன்னையப் போயி அனுப்புனேனே..." என்றார். அப்பா வந்ததும் நேரே போய்ச் சொன்னார்: "நான்தாம்ப்பா மறந்துட்டேன்." அப்பா கை ஓங்கினார். பிறகு அந்தக் கையைக் கீழே போட்டுவிட்டார். அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் காம்பை ஒட்டி நகக்கீறல் போல மெல்லிய கோடுகள். மத்தியானம் அவை வாய் பிளந்தன. சாறு சொட்டித் தேனீக்கள் வந்தன, பிறகு குளவி, பிறகு எறும்பு. மூன்றாம் நாள் தோட்டம் முழுக்கப் புளித்த வாடை. இன்றும் யார் வீட்டிலாவது திராட்சை அழுகினால் நான் அந்த வீட்டுப் படியேற மாட்டேன். வியாபாரி வந்தார், ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார், துப்பினார். வண்டியைத் திருப்பினார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எழுந்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாய் திறப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். சோற்றை உள்ளே தள்ளிக்கொள்வேன்.

நான்காம் நாள் காலை அப்பாவைக் காணவில்லை. அவர் படுத்த பாய் சுருட்டி வைத்திருந்தது. அண்ணன் கொட்டகைக்கு ஓடினார். விட்டத்தில் சொருகி வைத்திருந்த பூச்சிமருந்துத் தகர டப்பாவையும் காணவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கம்பத்து அண்ணன் மொபெட்டில் வந்தார். ஜீப் மாமா ஏற்றியிருந்த பெண்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணறுகளை எட்டிப் பார்த்தார்கள். நானும் ஓடினேன். ஒவ்வொரு கிணற்றிலும் என் தலைதான் கீழே தெரிந்தது. "எப்பா... எப்பா..." என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே ஓடிய குரல் அவர் பேசுகிற குரல் மாதிரியே இல்லை. எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் சுவரோரம் வந்ததும் அவர் தெருப் புழுதியில் மண்டி போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அந்தோணியாரே, எங்கப்பா உசுரோட வந்தாகன்னா கிடார ஒமக்கே குடுத்துர்றேன். செத்தாலும் இனி தொட மாட்டேன்."

அப்போது வாய் திறந்திருக்கலாம். நேர்ந்துகொள்ள வேண்டியது நான் என்று சொல்லியிருக்கலாம். நானும் அவர் பக்கத்தில் மண்டி போட்டேன்.

அப்பா மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் வெடித்த திராட்சை. தேனியில் சர்பத் போடுகிற ஒருவர் வெடித்த பழத்தை வாங்குவார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விடியும் முன் கிளம்பிப் போயிருக்கிறார். வாங்கவில்லை. வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன?" என்று கேட்டார். அண்ணன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தகரம் எங்கப்பா?"

பதில் சொன்னது அம்மா. "தகரமா? அத நான்தான் கோழிக்கூட்டுக்குக் கீழ பொதச்சு வச்சேன். இந்த வீட்டுல யாரு எப்ப என்ன பண்ணுவீகன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தராச்சும் எங்கிட்ட வந்து கேட்டீகளா?"

யாரும் கேட்கவில்லைதான். எல்லாரும் கிணற்றைப் பார்த்தோம், அடுப்படியைப் பார்க்கவில்லை. நேர்ந்தது நேர்ந்ததாகிவிட்டது.

அந்தோணியார் திருவிழா ஜூன் மாதம் வரும். காலைப் பூசை முடிந்ததும் காணிக்கை ஏலம் நடக்கும். கோழி, ஆட்டுக்குட்டி, தென்னங்கன்று, முதல் வெட்டுத் திராட்சை என்று நேர்ந்துவிட்டதையெல்லாம் கோயில் வாசலில் வைத்து, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஏலம் கூறுவார். எங்கள் வீட்டிலிருந்து வருடா வருடம் முதல் பெட்டித் திராட்சை போகும். அந்த வருடம் அதன் இடத்தில் சிவப்புக் கிடார் இருந்தது. ஒரு பக்கம் காலைக் கட்டிய சேவல், இன்னொரு பக்கம் பூசணிக்காய்.

சேவல் போனது. பூசணி போனது. உபதேசியார் கிடாரைத் தூக்கிக் காட்டியதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கேட்பார் யாருமில்லை. அப்போது ஒரு கை உயர்ந்தது. அப்பாவின் கை.

"அந்தக் கட்டைய நான் எடுத்துக்கிறேன்."

அண்ணன் திகைத்துப்போய்ப் பார்த்தார். உபதேசியாருக்குச் சங்கடமாகிவிட்டது. "நேந்த வீட்டாளுக ஏலத்துல கேக்கக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாததாண்ணே? சாமிக்குக் குடுத்தத திரும்பி வாங்குன மாதிரி ஆயிரும்ல."

அப்பாவுக்குத் தெரியும். நாற்பது வருடமாக அந்த ஏலத்தில் நின்றவர். கையை இறக்காமல் சுற்றிலும் பார்த்தார். கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கம்பத்து அண்ணன் நின்றார். "ஏப்பா தம்பி, நீ வேத்தாளுதான? நீ கேளேன். நீ கேளுய்யா" என்றார் அப்பா. கெஞ்சல்தான். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் அந்தக் கட்டையை வெறுக்கிறார் என்றுதான் அதுவரை நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். கம்பத்து அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணன் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தொட மாட்டேன் என்று சொன்னது யார் வாங்கிக் கொடுத்தாலும் மாறாது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவர் தன் குழந்தை விளையாட என்று வாங்கிப் போனார். பஸ்ஸில் சன்னல் வழியாகக் கிடாரின் தலை நீட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான் அழுதேன். அம்மா என்னை அணைத்துக்கொண்டு, "அண்ணன் மேல எம்புட்டுப் பாசம் இந்தப் புள்ளைக்கு" என்றாள். அதைக் கேட்டு இன்னும் அழுதேன்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்: "என்னமோ கேசட்டுல புடிச்சீகளாமே, அதப் போடு, கேப்போம்."

நான் செத்தேன் என்று நினைத்தேன். முதல் பாட்டு முடிந்ததும் என் பொய் அதில் இருக்கும். அண்ணன் உள்ளே போய்க் கேசட்டை எடுத்து வந்து வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டார். அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பாட்டு முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ சரசரத்தது. என் குரல் வரவில்லை. இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது. கேசட் கடைக்காரர் கொஞ்சம் தாமதித்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார் போலும், தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்திகூட நேர்ந்துகொண்டேன், வெட்கங்கெட்டவள்.

அப்பா முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான இருக்கு" என்றார். பிறகு, "அம்புட்டுப் பாட்டுக்கும் அடியில தொட்டித் தண்ணி விழுகுது. ஒங்க ஒருத்தர் காதுலயும் விழுகலயாப்பா?" என்றார். திட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

கேசட் அல்லிநகரத்துக்குப் போகவே இல்லை. அடுத்த வாரம் அப்பா கொடிகளைப் பிடுங்கினார். அண்ணன் தேவதானப்பட்டிக்கு வைண்டிங் பழகப் போனார். கம்பத்து அண்ணன் சவுதிக்குப் போய்விட்டார். ஜீப் மாமா கொஞ்ச நாள் பாடாமல் ஜீப் ஓட்டினார், பிறகு முழங்கால் வலியில் அதையும் விட்டார். நீலப் பீப்பாயில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். சுண்ணாம்பு எழுத்தை மாடு நக்கியே அழித்துவிட்டது.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. போன மாதம் அம்மாவின் தகரப் பெட்டியைக் கிளறியபோது கேசட் கிடைத்தது. மகன் எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றையும் என் தலையில் மாட்டிவிட்டான். காது மந்தமான அம்மாவுக்கு அவன் செய்த மரியாதை.

கேசட்டைப் போடுவதற்கு முன் விளிம்பைப் பார்த்தேன். கேசட் கடைக்காரர் சாவியால் உடைத்த அந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்றின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அண்ணன் ஒயருக்குச் சுற்றுகிற டேப். ஓட்டையை அப்படி அடைத்தால் மறுபடி பதியலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாட்டு. அதற்கு அடியில் தண்ணீர். பாட்டு முடிந்தும் தண்ணீர் விழுகிறது. பிறகு ஒரு 'டக்'. தண்ணீர் நின்றுவிட்டது. அந்த இடத்தில் எங்கள் வீட்டின் அமைதி, எங்கோ ஒரு கோழி, மைக்குக்கு மிக அருகில் யாரோ மெதுவாக விடுகிற ஒரு மூச்சு. மறுபடி 'டக்'. மறுபடி தண்ணீர். இரண்டாவது பாட்டு.

அறுபது நிமிடத்தில் அந்த இடத்தில் மட்டும்தான் தண்ணீர் விழவில்லை. நான் நிப்பாட்டிட்டேன் என்று சொன்ன இடம். என் குரல் இருந்த இடத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விடாமல் விழுகிறது. அந்தக் குரல் அழியாமல் இருந்திருந்தால், கேசட்டைக் கேட்கிற எவருக்கும், மோட்டார் நிற்கவே இல்லை, இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டிருக்கும். அண்ணன் கேட்டிருக்கிறார். பிறகு அதன் மேல் தன் மூச்சைப் பதிந்து அழித்திருக்கிறார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் அண்ணன் கடைக்குப் போன் செய்தேன். தேவதானப்பட்டியில் இப்போது அவருடைய சொந்தக் கடை. கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கும். பின்னால் ஏதோ மோட்டார் இரைந்தது.

"அண்ணே, ஒன்னு சொல்லணும்."

"ஒன்னும் கேக்க மாட்டேங்குது. இருத்தா, டெஸ்டிங்குல ஒரு மோட்டாரு ஓடுது. நிப்பாட்டிட்டு வாரேன்."

செருப்புச் சத்தம் போனது. மோட்டார் இரைச்சல் இறங்கி, முனகி, நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"நிப்பாட்டிட்டேன். இப்பச் சொல்லு."

சொன்னேன். நடுவழியில் திரும்பியது, ஆட்டோ சுவிட்ச், கோயில் சுவர், எல்லாவற்றையும்.

"கேசட்ட எப்பண்ணே கேட்டீக?"

"பதிஞ்ச அன்னைக்கே கேட்டேன்."

"அப்பறம் ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்கல? ஏன் அழிச்சீக?"

முதலில் அந்த மூச்சுதான் கேட்டது, கேசட்டில் கேட்ட அதே மூச்சு.

"அழிச்சது அன்னைக்கு இல்லத்தா. அப்பாவத் தேடிட்டு வந்த பெறகு. நான் ஒன்னையக் கேட்டு, அது தாங்காம நீயும் ஒருநா காணாமப் போயிட்டயின்னா? இன்னொருக்க கெணறு கெணறா எட்டிப் பாக்கத் தெம்பு இல்ல எனக்கு."